பகலில் ஒரு வாய்த் தண்ணீர்

கோப்பாய்
மே 14

இஞ்சாருங்கோ,

இங்கே நான் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கமாட்டேன். கேட்டால் நல்ல சுகம் என்று எழுதுவீர்கள். பிறகு நான் அதை நம்பவும் வேண்டிவரும்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து இது. பிழை கண்டால் வழியில் ஒரு வாத்தியாரைப் பிடித்துத் திருத்திக்கொள்ளுங்கள். போனில் கதைக்கலாம் என்றால், சண்டைக் காலத்தில் பக்கத்தில் செல் விழுந்து வெடித்த நாளிலிருந்து உங்கள் காது உங்கள் சொல் கேட்பதில்லை. நான் கத்தினால் உங்களுக்குக் கேட்காது, கோப்பாய்ச் சந்திக்குக் கேட்கும். அதனால்தான் கடிதம். எங்கள் ஊர்ப் பொடியன் கேதீஸ்வரன் கிழமைக்கு ஒருக்கால் யாத்திரைக்காரருக்கு அரிசியும் மரக்கறியும் வான் வண்டியில் கொண்டுபோகிறானாம். அவனிடம் கொடுத்துவிடுகிறேன். பிரித்து வாசித்தாலும் வாசிப்பான். வாசி தம்பி கேதீஸ், கலியாணம் கட்டமுதல் உனக்கும் இதெல்லாம் தெரியட்டும்.

நீங்கள் சந்நிதி முருகன் கோயிலிலிருந்து வெளிக்கிட்ட அன்று நான் வழியனுப்ப வரவில்லை. கோபம். இப்போதும் கோபம்தான், ஆனால் முன்னால் வைத்துக்கொண்டு கோபப்படுவதற்கு வீட்டில் ஆள் இல்லை.

கதிர்காமத்துக்கு நடந்து வருகிறேன் என்று நேர்த்திக்கடன் வைத்தீர்கள். சரி. உங்கள் கால், உங்கள் முருகன். ஆனால் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் வாயில் படாது என்று அந்த நேர்த்திக்கு ஒரு வாலையும் கட்டியிருக்கிறீர்கள். ஒரு வருடமாக அதை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்து, போவதற்கு முதல் நாள், கிணற்றடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னீர்கள். கோப்பையை நான் கீழே போட்டது தற்செயல் இல்லை.

எனக்கு என்ன வருத்தம், என்ன நோய் வந்தது? போன சித்திரையில், வெங்காயம் பிடுங்கிற அவசரத்தில், தண்ணீர்ப் போத்திலை வரம்பில் விட்டுவிட்டு உச்சிவெயிலில் குனிந்தபடி நின்று விழுந்தேன். உடம்பு நெருப்பு. வேர்வை இல்லை. வாய்க்கு வந்ததெல்லாம் கதைத்தேனாம். நீங்களும் உங்கள் அக்கா தங்கமுத்து மச்சாளும் காய்ச்சல் என்று முடிவுகட்டி, யன்னலைச் சாத்தி, கம்பளியால் போர்த்து, கொத்தமல்லி அவித்துச் சுடச்சுடப் பருக்கினீர்கள். வெயிலில் வாடினவளை உள்ளே கொண்டுபோய் அவித்தீர்கள். உப்பும் மிளகாய்த்தூளும்தான் குறை. ஆஸ்பத்திரியில் அந்தக் கம்பளியைக் கழற்றி எறிந்து, கழுத்திலும் கமக்கட்டிலும் ஈரத்துணி வைத்து, மேலெல்லாம் தண்ணீர் தெளித்து, ஃபானைப் போட்டுத்தான் என்னைத் திருப்பி எடுத்தார்கள். அந்த நேரம் வெளியே நின்று நீங்கள் வைத்த நேர்த்தி இது. தண்ணீர் இல்லாமல் வந்த வருத்தத்துக்குத் தண்ணீர் குடிக்காமல் ஒரு நேர்த்தி. முருகனே வேலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்திருப்பார்.

முருகன் என்னைக் காப்பாற்றவில்லை என்று நான் சொல்லவில்லை. காப்பாற்றினார். தண்ணீரால் காப்பாற்றினார். அவர் தந்த மருந்தைத்தான் நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள்.

நுங்கு கொடுத்து விடுகிறேன். நுங்கைக் குடிப்பதென்று யாரும் சொல்வதில்லை, தின்பதென்றுதான் சொல்வார்கள். கூடவே தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்பு பத்துப் பொதியும் இருக்கிறது.

உங்கள் குணம்


வற்றாப்பளை
மே 26

குணத்துக்கு,

கடிதம் கிடைத்தது. பிரிக்கவில்லை என்று கேதீஸ் சொல்கிறான். தரும்போது சிரித்தான்.

நான் சுகம். காலில் கொப்புளம் வந்து உடைந்து ஆறிவிட்டது. எங்கள் கூட்டத்தில் எல்லா ஊரவரும் இருக்கிறார்கள். அம்மன் கோயில் மண்டபத்தில் தங்கியிருக்கிறோம்.

நுங்குக்குள் இருப்பதும் தண்ணீர்தான். பொழுதுபட்டபிறகு இரண்டு தின்றேன், மிச்சத்தை மற்றவர்களுக்குக் கொடுத்தேன். ஜீவனியைச் சமையல் செய்பவரிடம் கொடுத்துவிட்டேன். தேவைப்படுகிற ஆட்களுக்குக் கரைத்துக் கொடுக்கிறார். முருகனோடு பேரம் பேச இது சுன்னாகம் சந்தை இல்லை.

நீ காலை பத்து மணிக்குப் பிறகு தோட்டத்துக்குள் நிற்காதே. பின்னேரம் வெயில் தாழ்ந்தபிறகு இறங்கு. ஒருமுறை விழுந்த உடம்பு சுலபமாக மறுபடி விழும் என்று டொக்ரர் சொன்னதை மறக்காதே. தாகம் எடுக்கும்வரை பார்த்துக்கொண்டிராமல் குடி. தலைக்கு ஈரத்துவாய் போட்டுக்கொள். கறுப்புச் சட்டையோடு வெயிலில் திரியாதே. தேத்தண்ணி குடித்தது தண்ணீர் குடித்ததாகாது. தோட்டத்துக்குத் தனியாகப் போகாதே, மச்சாளைக் கூப்பிடு.

ஏன் இப்படி ஒரு நேர்த்தி என்பதற்குப் பதில் எழுதவேண்டும். அன்று உன் கையைப் பிடித்தேன். அடுப்பில் வைத்த தாச்சிச்சட்டி போலச் சுட்டது. அந்தச் சூட்டில் கொஞ்சத்தை நான் வாங்கவேண்டும் என்று நினைத்தேன். வேறு விளக்கம் எனக்குத் தெரியாது.

பஞ்சலிங்கம்


கோப்பாய்
ஜூன் 2

இஞ்சாருங்கோ,

உங்கள் கடிதத்தை நிவேதனா மிஸ்ஸுக்கு வாசித்துக் காட்டினேன். கிளினிக்கில் இருக்கிற அந்த நேர்ஸ் பிள்ளைதான். அந்தக் கடைசிப் பந்தியை மட்டும் வாசிக்கவில்லை. அது எனக்கு எழுதினது. மற்றதெல்லாம் கேட்டுவிட்டு, இவ்வளவு வடிவாக யார் சொல்லித் தந்தது, இதை அச்சடித்துக் கிளினிக் சுவரில் ஒட்டலாமே என்றாள். அந்த மனிசன் பகலில் தண்ணீர் வாயில் வைக்காமல் முல்லைத்தீவு வெயிலில் நடந்துகொண்டுதான் இதை எழுதினார் என்றேன். கையிலிருந்த பேனையை மேசையில் வைத்துவிட்டாள்.

அவள் கேட்கச் சொன்ன கேள்விகளைக் கீழே எழுதுகிறேன். வெட்கப்படாமல் பதில் எழுதவேண்டும். கேதீஸ், இந்த இடத்தில் மற்றப் பக்கம் பார்.

உங்கள் சிறுநீர் என்ன நிறம்? இளநீர் நிறமோ, பால் விடாத பிளேன்ரீ நிறமோ? பிளேன்ரீ என்றால் உடம்புக்குள் கிணறு வற்றிவிட்டது என்று அர்த்தமாம். பொழுதுபட்டபிறகு கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறதா? தலையிடிக்கிறதா, வயிற்றைப் பிரட்டிச் சத்தி வருமாப்போல் இருக்கிறதா? நடக்கும்போது வேர்க்கிறதா? வேர்க்கிறதென்றால் உடம்பு இன்னும் போராடுகிறது. வேர்வை நின்று, தோல் காய்ந்து, ஆள் மாறிக் கதைக்கத் தொடங்கினால் அது வேறு கதை. அந்தக் கதையை நான் உள்ளே இருந்து பார்த்தவள். பொழுதுபட்டபிறகு ஒரு குடம் குடித்தாலும் மத்தியானம் இறைத்தது நிரம்பாதாம்.

தங்கமுத்து மச்சாள் கந்தசட்டிக்கு எல்லாரும் தண்ணீர் குடியாமல் இருக்கிறவைதானே என்று உங்களுக்காகக் கதைத்தா. ஓம் மச்சாள், அது ஐப்பசி, குளிர், ஆட்கள் கோயிலுக்குள் இருந்து பிடிக்கிற விரதம், திருகோணமலை றோட்டில் தார் உருகும்போது நடந்து பிடிக்கிறதில்லை என்றேன். போகும்போது என்னுடைய சருவச்சட்டியையும் கொண்டு போய்விட்டா.

வீட்டு விஷயம். வெங்காயம் பிடுங்கி முடிந்தது. பத்து மணிக்கு முன் ஏறிவிட்டேன், ஈரத்துவாயோடு நின்றேன், மச்சாளும் நின்றா. நீங்கள் சொன்னதெல்லாம் செய்தேன். சொல்கிற ஆளைவிட நான் சொல்வழி கேட்கிறவள்.

சோளகக் காற்றுப் பலமாக வீசுகிறது. உங்களுக்குக் கேட்கவேண்டும் என்று றேடியோவை எப்போதும் முழுச் சத்தத்தில் வைப்பேன். இப்போது மெதுவாக வைக்கலாம். வைத்துப் பார்த்தேன். செய்தி வாசிக்கிறவர் அயல்வீட்டில் இருந்து வாசிக்கிற மாதிரி இருந்தது. திரும்பக் கூட்டி வைத்துவிட்டேன். முன்வீட்டார், அண்ணை வந்திட்டாரோ என்று கேட்டார்கள். இல்லை, அவர் இல்லாத சத்தம்தான் இது என்றேன். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒருவர் போனால் பாதி வீடு போச்சு. மற்றப் பாதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

வெள்ளரிப்பழம் ஒன்று கொடுத்து விடுகிறேன். பொழுதுபட்டபிறகே தின்னுங்கள். தின்றீர்கள் என்று தெரிந்தால் போதும்.

குணம்


வெருகல்
ஜூன் 12

குணத்துக்கு,

வெள்ளரிப்பழம் வான் சூட்டில் வெடித்துவிட்டது. ஆனாலும் தின்றேன்.

கோயிலடி மரநிழலில் இருந்து இதை எழுதுகிறேன். ஒரு விஷயம் நடந்தது. நீ கேள்விப்பட முதல் நானே சொல்கிறேன்.

சுன்னாகத்துத் தில்லைநாதன் அண்ணையைத் தெரியும்தானே, தண்டவாளத்துக்கு அங்காலே வீடு. எங்கள் கூட்டத்தில் மூத்தவர். நேற்று முன்தினம் மூதூர் தாண்டி வரும்போது மத்தியானம் கச்சான் காற்று அனலாக அடித்தது. அவர் வரிசையை விட்டு விலகி வயலுக்குள் இறங்கி நடந்தார். கூப்பிட்டோம், திரும்பவில்லை. பிறகு விழுந்தார். தொட்டுப் பார்த்தேன். அதே தாச்சி.

பெண்கள் ஓடிவந்து, காய்ச்சல், குளிர்ப்பிடித்துவிட்டது என்று இடுப்பில் கட்டுகிற சாரம் ஒன்றால் போர்த்தார்கள். ஒருவர் கோப்பி வைக்க அடுப்பு மூட்டினார். இன்னொருவர் பனடோல் மாத்திரை எடுத்தார். நான் அந்தச் சாரத்தை இழுத்து எறிந்தேன். என் குரல் எவ்வளவு பெரிதாக வந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் எல்லாரும் விலகி நின்றார்கள். "போர்க்காதையுங்கோ. தண்ணியைக் கொண்டு வாங்கோ, எல்லாருடைய போத்திலையும் கொண்டு வாங்கோ." நிழலுக்குத் தூக்கினோம். சட்டையைக் கழற்றி, கழுத்து, கமக்கட்டு, தொடையிடுக்கு எல்லாம் ஈரத்துணி வைத்தேன். மற்றவர்கள் ஓலையால் விசிறினார்கள். நினைவு இல்லாதவரின் வாயில் ஒன்றும் ஊற்றவேண்டாம் என்று தடுத்தேன். அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை. இன்று ஆஸ்பத்திரியில் எழுந்து இருந்து, என் காவடி எங்கே என்று கேட்டாராம். மகன் வந்து ஊருக்குக் கூட்டிப் போகிறான்.

அப்போது உன்னைத்தான் நினைத்தேன். உனக்குச் செய்யத் தெரியாமல் விட்டதை ஆருக்கோ செய்தேன்.

அவ்வளவு நேரமும் இரண்டு கையும் தண்ணீருக்குள் இருந்தன. ஒரு சொட்டு நான் குடிக்கவில்லை. அதை உனக்குப் பெருமையாக எழுதத்தான் நினைத்தேன். எழுதினபிறகு பெருமையாகத் தெரியவில்லை.

நிவேதனா மிஸ்ஸின் கேள்விகளுக்குப் பதில் எழுத இடம் போதாது. எழுத்துக் கோணலாக இருந்தால் குறை நினைக்காதே, நடந்துகொண்டு எழுதுகிறேன்.

பஞ்சலிங்கம்


கோப்பாய்
ஜூன் 14

இஞ்சாருங்கோ,

மரநிழலில் இருந்து எழுதுவதாகத் தொடங்கி நடந்துகொண்டு எழுதுவதாக முடித்திருக்கிறீர்கள். இவ்வளவு நாளும் உங்களைக் கேலி பண்ண இப்படி ஒன்று கிடைத்தால் ஒரு கிழமைக்கு வைத்துச் சிரித்திருப்பேன். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

கடிதத்தைத் தந்துவிட்டு கேதீஸ் போகாமல் வாசலில் நின்றான். தேத்தண்ணி குடிக்கிறாயோ என்று கேட்டேன். வேண்டாம் என்றான். பிறகு சொன்னான். "அக்கா, அண்ணை என்னைப் பார்த்து நீ ஆருடைய பொடியன் எண்டு கேட்டவர்."

அவனுக்குப் பெயர் வைத்த அன்று மடியில் வைத்திருந்தவர் நீங்கள். நாலு கிழமையாக என் கடிதத்தை உங்களிடம் தருகிறவன் அவன்.

நான் விழுந்த அன்று தங்கமுத்து மச்சாளை யார் என்று கேட்டேனாம். அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். தில்லைநாதன் அண்ணை விழுந்தபோது போர்வையை இழுத்து எறிய நீங்கள் இருந்தீர்கள். நீங்கள் விழுந்தால் யார் இழுத்து எறிவது? எல்லாரும் சேர்ந்து நல்ல மனதோடு போர்த்துவிடுவார்கள்.

சந்நிதிக்குப் போனேன். முருகனிடம் நியாயம் கேட்டேன். உயிர் என்னுடையது, அதைத் தந்தவர் நீர், இடையில் இவர் யார், எங்களைக் கேளாமல் விலை பேசினவர் என்றேன். பதில் வரும்வரை இருக்க எனக்கு நேரம் இல்லை.

இந்தக் கடிதம் உங்களிடம் முதலில் வரும். இரண்டு நாள் பிந்தி நான் வருகிறேன். மட்டக்களப்பு பஸ்ஸில் சித்தாண்டியில் இறங்குவேன். அடுத்த நாள் விடிய உங்களோடு நடக்கத் தொடங்குவேன். என் கையில் தண்ணீர் இருக்கும். நீங்கள் குடித்தால் நானும் குடிப்பேன். நீங்கள் குடிக்காவிட்டால் நானும் குடியேன். சுலபமாக மறுபடி விழுகிற உடம்பு என்று எழுதினது நீங்கள்.

என்னைக் கூட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று சொல்லவேண்டாம். நானும் நேர்த்தி வைத்துவிட்டேன்.

குணம்


உகந்தை
ஜூன் 29

குணத்துக்கு,

நீ பஸ் ஏறிப் போய்ப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. அன்று நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். நீயே செய்தாய். ஆனாலும் நான் பார்த்ததை எழுதவேண்டும். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

விடிய நாங்கள் நடக்கத் தொடங்கியபோது உனக்கு விளையாட்டு. வழியெல்லாம் எங்கள் கூட்டத்துப் பெண்களைச் சிரிக்கவைத்துக்கொண்டு வந்தாய். எனக்குக் கேட்கவில்லை, ஆனால் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள், விஷயம் நான்தான் என்று விளங்கியது. எட்டு மணிபோல் நீ கதைப்பதை நிறுத்தினாய். பிறகு முந்தானையைத் தலையில் இருந்து எடுத்துவிட்டாய், உனக்குத் தெரியாமலே. முகம் சிவந்துவிட்டது. உன் சட்டை முதுகில் வேர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. கால் ஒருமுறை தடக்கியது. வேலியோரம் ஒரு வேப்பமரத்தடியில் போய் இருந்துவிட்டாய்.

நான் உன் கையிலிருந்த போத்திலை வாங்கித் திறந்து உன் வாயில் வைத்தேன். நீ வாயை இறுக்கி மூடினாய். தலையை ஆட்டினாய். என் வாயைக் காட்டினாய். ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்கவில்லை என்று இருந்திருப்பேன்.

"குணம், விளையாடாதை."

நீ விளையாடவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் நீ பகிடி விடாமல் என்னைப் பார்த்தது அன்றுதான். உன் கையைத் தொட்டேன். சுடத் தொடங்கியிருந்தது. அந்த ஒரு கணத்தில் எனக்கு விளங்கியது. நான் உன்னுடைய சூட்டை வாங்கவில்லை, கூட்டிக்கொண்டிருந்தேன்.

குடித்தேன். நான் விழுங்குவதைக் கண் வெட்டாமல் பார்த்தாய், வாய்க்குள் வைத்துக்கொண்டு ஏய்க்கிறேனோ என்று. அதன்பிறகுதான் உன் வாய் திறந்தது. மிச்சத் தண்ணீரை உன் தலையில் ஊற்றினேன். றோட்டால் போனவர்கள் எங்களைப் பார்த்து என்ன நினைத்தார்களோ தெரியாது.

அன்று பின்னேரம் கோயிலில் நின்று முருகனிடம் சொன்னேன். நான் வைத்த நேர்த்தியை என் பெண்சாதி உடைத்துவிட்டாள், கேட்பதென்றால் அவளைக் கேளும் என்றேன். இனி உன் பாடு, அவர் பாடு.

அதற்குப் பிறகு பகலில் குடிக்கிறேன். முதல் இரண்டு நாள் திருடுகிற மாதிரி இருந்தது. இப்போது இல்லை. கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதும் நின்றுவிட்டது. நிவேதனா மிஸ்ஸிடம் சொல், இளநீர் நிறம்.

நாளைக்குக் காட்டுக்குள் இறங்குகிறோம். கதிர்காமம் போய்ச் சேரும்வரை கடிதம் கொடுக்க வழி இல்லை. ஆளுக்கு ஆள் தண்ணீர் கொண்டு போகவேண்டும் என்கிறார்கள். நான் இரண்டு போத்தில் கட்டியிருக்கிறேன். ஒன்று உன்னுடையது என்று நினைத்துத் தூக்குகிறேன். ஆனால் அதையும் நான்தான் குடிப்பேன், பயப்படாதே.

இங்கே கடற்கரை மணலில் இருந்து எழுதுகிறேன். நீ இருந்தால் இந்த நேரம் ஏதாவது சொல்லிச் சிரிப்பாய். எனக்குக் கேட்டிருக்காது. பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

பஞ்சலிங்கம்


கோப்பாய்
ஜூலை 5

இஞ்சாருங்கோ,

இந்தக் கடிதத்தைக் கதிர்காமத்தில் வைத்துக் கொடுக்கச் சொல்லிக் கேதீஸிடம் தருகிறேன். காட்டால் வெளியே வந்தவுடன் அவனைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவனுக்கு அது பெரிய சந்தோஷமாக இருக்கும்.

என்னை முருகனிடம் மாட்டிவிட்டீர்கள். நல்ல மனிசன். அவரும் விடவில்லை, கனவில் வராமல் தங்கமுத்து மச்சாளை அனுப்பினார். நேர்த்தியை உடைத்தால் அதற்கு ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்றா. சரி மச்சாள், செய்வோம், முதலில் என் சருவச்சட்டியைத் தாருங்கோ என்றேன். அந்தச் சட்டியில்தான் இப்போது மோர் கரைக்கிறோம். பிள்ளையார் கோயிலடியில் நாலு தடி நட்டு, தென்னோலைக் கிடுகு வேய்ந்து, தண்ணீர்ப்பந்தல் போட்டிருக்கிறோம். ஒரு பெரிய கிடாரத்தில் மோர், மற்றதில் தேசிக்காய் பிழிந்து உப்பும் சீனியும் போட்ட தண்ணீர். வெயில் ஏறத் தொடங்கும்போது திறப்போம், தாழும்வரை நிற்போம். மச்சாளும் நிற்கிறா. யாருக்காவது தலை சுற்றினால் முதலில் ஓடிப்போய்க் காற்றுப் பிடிக்க இடம் விடுகிறவ அவதான். கொத்தமல்லி என்று அவவின் வாயில் இப்போது வருவதில்லை.

யார் யாரோ வருகிறார்கள். இங்கே பக்கத்துத் திருநெல்வேலியில் படிக்கிற பிள்ளைகள் சைக்கிளில் வந்து நின்று மூன்று கிளாஸ் குடிக்கிறார்கள். பஸ்காரர் பஸ்ஸை நிறுத்திவிட்டு வருகிறார்கள், பின்னால் ஹோர்ன் அடிக்கிறவனுக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தால் அடிப்பதை விட்டுவிடுகிறான். தில்லைநாதன் அண்ணை மகனோடு வந்தார். உங்களைப் பற்றிக் கேட்டார். என் மேல் தண்ணீர் ஊற்றினவன் என்று சொல்லி அழுதார். நான் அவருக்கு மோரில் உப்புக் கூடப் போட்டுக் கொடுத்தேன்.

ஒன்று சொல்லவேண்டும். வேப்பமரத்தடியில் நீங்கள் போத்திலை என் வாயில் வைத்தபோது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. தண்ணீரின் மணம் மூக்கில் அடித்தது. இன்னும் கொஞ்ச நேரம் நீங்கள் பிடிவாதமாக நின்றிருந்தால் நான் குடித்திருப்பேன். உங்கள் பெண்சாதி அவ்வளவு பெரிய வீரி இல்லை. நல்லகாலம், உங்களுக்கு அது தெரியவில்லை.

கொடியேற்றம் பார்த்து, கும்பிட்டு, ஆற்றில் முழுகி, ஆறுதலாக வாருங்கள். வரும்போது நடக்கவேண்டாம், நேர்த்தியில் திரும்பி நடப்பது இல்லை. பஸ்ஸில் வெயில் படாத பக்கம் இருங்கள்.

பந்தலில் எனக்கு வேலை கரண்டி பிடிப்பது. கிளாஸை நீட்டிவிட்டு நிற்பேன். ஆட்கள் தலையை நிமிர்த்திக் குடிப்பார்கள். தெரிந்தவர், தெரியாதவர், கிழவர், பொடியள் எல்லாருக்கும் தொண்டை ஏறி இறங்கும். நான் கரண்டியைக் கிடாரத்தில் விட்டபடி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என்ன குணம், இப்படிப் பார்க்கிறாய், கிளாஸைக் கொண்டு போய்விடுவன் என்று பயமோ என்று ஒருவர் கேட்டார். ஓம் என்றேன்.

எத்தனை பேர் குடித்தாலும் எனக்குத் தாகம் தீரவில்லை. நீங்கள் வந்து நின்று குடிக்கவேண்டும். நல்ல வெயில் நேரம் பார்த்து வாருங்கள்.

குணம்